மீன் தொட்டியைக் கழுவாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை மீன்களை ஒரு வாளியில் பிடித்துப் போடுவது. தொட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்க் கவிழ்ப்பது. கற்களை அரிசி களைவது போல நாலு தண்ணீர் விட்டு அலசி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கண்ணாடியைத் துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களைத் திரும்ப விடுவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். செவ்வாய்க்கிழமை ஒன்று மிதக்கும், வியாழக்கிழமை இன்னொன்று. முதல் ஏழு மாதம் நான் இப்படித்தான் செய்தேன். அழுக்கினால்தான் சாகிறது என்று நினைத்து, அடுத்த வாரம் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

புதிதாகத் தொட்டி வைக்கிற பத்துப் பேரில் பாதிப் பேராவது இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். கை ராசி இல்லை, இந்த வீட்டில் மீன் தங்காது என்று சொல்லிக் காலித் தொட்டியைப் பரணில் ஏற்றியவர்களும் உண்டு. ராசியெல்லாம் ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

கழுவும்போது எது போகிறது?

மீன் தின்கிறது, கழிக்கிறது. அது மட்டுமல்ல, மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஆற்றிலோ குளத்திலோ இது பொருட்டே இல்லை. இரண்டடித் தொட்டியில் அப்படி இல்லை. செவுளை எரிக்கிற விஷம் அது. நிறம் இல்லை. கொஞ்சமாக இருந்தால் வாடையும் தெரியாது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் மீன் சாவது பெரும்பாலும் இதனால்தான்.

இதைத் தின்று வாழும் பாக்டீரியா இருக்கிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. 40 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே வைத்திருந்தால் வீட்டில் வளர்க்கிற சாதாரண மீன்கள் தாங்கும்.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. ஃபில்டர் பஞ்சில், கற்களில், கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் தண்ணீரை மாற்றினால் அது போகாது. பஞ்சையும் கல்லையும் தேய்த்துக் கழுவினால் போய்விடும். நான் ஞாயிறுதோறும் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

தொட்டி எவ்வளவு பெரியது?

முதல் தொட்டி சின்னதாக இருந்தால் சுலபம் என்று தோன்றும். நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு சின்னத் தவறும் உடனே விஷமாகிவிடும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை வாங்கவே வாங்காதீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஆரம்பத்துக்கு நல்ல அளவு. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்று வைத்தால் 56 லிட்டர் வரும். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்பது 45 லிட்டர்தான். மருந்தோ உப்போ போடும்போது இந்த 45ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூருக்குப் போனால் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும். அன்றைக்கே தொட்டி, அன்றைக்கே மீன் என்று வாங்கிவரத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். நான் முதலில் வாங்கிய கடையில், "ரெண்டு நாள் மோட்டார் ஓட விட்டு மீனைப் போடுங்கண்ணா, ஒண்ணும் ஆவாது" என்றார் கடைக்காரத் தம்பி. ஆனது. வெறும் தண்ணீரில் ஃபில்டர் இரண்டு நாள் ஓடினாலும் இருபது நாள் ஓடினாலும் ஒன்றுதான். பாக்டீரியாவுக்குத் தீனி அம்மோனியா. அது இல்லாமல் வளராது.

உறை ஊற்றுவது

மீன் வளர்ப்பவர்கள் இதை 'சைக்கிள் பண்ணுவது' என்பார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான், ஆனால் ஓர் இரவில் உறையாது. நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு வாரம், சில சமயம் ஆறு வாரம்.

தொட்டியை நிரப்பி, குளோரின் போக்கி (எப்படி என்று கீழே சொல்கிறேன்), ஃபில்டரையும் ஏர் பம்பையும் ஓட விடுங்கள். மீன் வேண்டாம். அம்மோனியாவுக்கு இரண்டு வழி. ஒன்று, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுவது. மெதுவான வழி, கொஞ்சம் நாறும், ஆனால் எதுவும் தேட வேண்டாம். இரண்டு, அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் என்று வைத்திருப்பாரே, அதுதான். ஆனால் அவரிடம் இருப்பதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூட ரசாயனம் விற்கும் கடையில் சுத்தமானதாகக் கேட்டு வாங்குங்கள். 45 லிட்டருக்கு 0.3 கிராம் போட்டால் 2 பிபிஎம் அம்மோனியா கிடைக்கும்.

அப்புறம் சொட்டு மருந்து வடிவ டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். விலை கொஞ்சம் கடிக்கும். தொட்டிக்கு வைக்கும் பொம்மை அரண்மனையை விட்டுவிட்டு இதை வாங்கலாம். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) நான்கும் இருக்க வேண்டும். நைட்ரேட் சோதனைக்கு இரண்டு பாட்டில் இருக்கும். இரண்டாவது பாட்டிலை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால் அடியில் படிந்தது கலக்காமல், இருக்கும் நைட்ரேட்டைக் குறைத்துக் காட்டும். என் தொட்டியில் நைட்ரேட்டே இல்லை என்று ஒரு மாதம் பெருமைப்பட்டவன் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் அம்மோனியா மட்டும் தெரியும். அப்புறம் அது இறங்க, நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்க, நைட்ரேட் ஏறும். நடுவில் ஒரு நாள் தண்ணீர் பால் கலந்தது போல வெளுக்கலாம். பயந்து கொட்டிவிடாதீர்கள், தானே தெளியும். 2 பிபிஎம் அம்மோனியா போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீனை விடலாம்.

காத்திருக்கப் பொறுமை இல்லையா? ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் போய், அவருடைய பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் அவர் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது போலத்தான். காத்திருக்கும் நாட்கள் பாதியாகிவிடும். அவர் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதால் ஆளைப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர்?

மற்ற நாட்டு வழிகாட்டிகளைப் படித்தால் 'குழாய்த் தண்ணீர்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நமக்கு அப்படியா? மெட்ரோ வாட்டர், போர், லாரி, கேன், ஆர்.ஓ. என்று ஒரே வீட்டில் மூன்று வகை இருக்கும். மெட்ரோ வாட்டரிலேயே ஏரித் தண்ணீர் உண்டு, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவதும் உண்டு. போன மாதம் வந்ததே இந்த மாதமும் வரும் என்று நம்ப முடியாது. சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது, ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை அது சொல்லும். அம்மோனியாவைத் தனியாகக் காட்டாது. டிடிஎஸ் நன்றாக இருக்கிறது, மீன் ஏன் சாகிறது என்று கேட்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். நமக்குப் பாதுகாப்பு, மீனின் செவுளுக்குத் தீ. வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு ஹைப்போ. கடையில் கேட்டால் கல்கண்டு மாதிரி ஒரு பாக்கெட் தருவார்கள். சோடியம் தயோசல்ஃபேட், பழைய ஸ்டூடியோக்களின் இருட்டறையில் இருந்த அதே ஹைப்போ. 20 லிட்டர் வாளிக்குப் பச்சைப்பயறு அளவில் இரண்டு மூன்று படிகம் போட்டுக் கலக்கினால் வேலை முடிந்தது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கிறது, எத்தனை மணி நேரம் வைத்தாலும் லேசில் போகாது. ஹைப்போ போட்டால் குளோரின் போய் அம்மோனியா மிஞ்சும். அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டிப்போடும் வாட்டர் கண்டிஷனர்தான் அங்கே வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் போர்தான், எனவே குளோரின் கவலை இல்லை என்று நான் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மேல்நிலைத் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல 15 லிட்டர் மாற்றினேன். ஊற்றி முடிப்பதற்குள் மீன்கள் தாறுமாறாகப் பாய்ந்து கண்ணாடியில் மோத ஆரம்பித்தன. பதினான்கில் மூன்றுதான் பிழைத்தது. அன்றிலிருந்து எந்தத் தண்ணீராக இருந்தாலும் வாளியில் ஒருமுறை மோந்து பார்க்காமல், இரண்டு படிகம் ஹைப்போ போடாமல் ஊற்றுவதில்லை.

போர் தண்ணீருக்கு வேறு குணம். ஆழத்திலிருந்து வருவதால் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். மாலையில் டிரம்மில் பிடித்து இரவு முழுக்கக் காற்றுக் கொடுத்து, காலையில் ஊற்றுங்கள். பிஹெச்சும் காலையில் பார்ப்பதுதான் சரியான கணக்கு. பெரும்பாலான இடங்களில் கடினத் தண்ணீராகத்தான் இருக்கும். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் எல்லாம் அதில் குஷியாக இருக்கும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் மென்மையான தண்ணீர் கேட்பவை. அவற்றுக்காகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதைவிட, முதல் வருடம் நம் தண்ணீருக்கு ஒத்துப்போகும் மீனை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

டிடிஎஸ் 1,400, 1,500 என்று போனால் ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுக்க ஆர்.ஓ. மட்டும் ஊற்றக் கூடாது. குடிக்கத்தான் அது நல்லது. பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் அதில் அநேகமாக இருக்காது. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும். தாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் பிஹெச் ஒரு நாள் சரிந்து விழும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். ஒரு வலைப்பையில் கைப்பிடி கிளிஞ்சலைக் கட்டி ஃபில்டர் அருகே போட்டால் மெதுவாகக் கரைந்து அதைச் சரிக்கட்டும்.

பிஹெச் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். கிட்டத்தட்ட பத்து மடங்கு. கிட் இரண்டுக்கும் ஒரே நிறத்தைத்தான் காட்டும். போர் தண்ணீர்க்காரர்கள் 0.5 பிபிஎம் பார்த்தாலே தண்ணீர் மாற்றிவிட வேண்டும்.

வாராவாரம்

வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு அல்லது கொஞ்சம் கூட. 45 லிட்டருக்கு 12, 13 லிட்டர். முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

மீனுக்கென்று ஒரு வாளி தனியாக வையுங்கள். சோப்புத்தூள் பட்ட வாளி வேண்டாம். முதலில் ஃபில்டர், ஹீட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள், தண்ணீருக்குள் கை விடப்போகிறீர்கள். ஓர் அரை அங்குல டியூபை முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் இன்னொன்றைத் தரையில் உள்ள வாளிக்குள்ளும் விட்டுத் திறந்தால் தானே இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம்.

மேல் தண்ணீரை எடுப்பதில் பலன் குறைவு. குழாயின் முனையைக் கற்களுக்குள் ஒரு விரற்கடை குத்துங்கள். சாம்பாரைக் கலக்கினால் அடியிலிருந்து பருப்பு எழும்புவது போலப் பழுப்பாக ஒரு மேகம் எழும்பிக் குழாய்க்குள் ஏறும். தெளிந்ததும் அடுத்த இடம். ஒரு வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதி என்று போங்கள். வடித்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் அது உரம்.

புதுத் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீருக்கும் அதற்கும் சூடு வித்தியாசம் தெரியக் கூடாது. மே மாதம் மதியம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர்தான், காலையிலேயே பிடித்து வைத்துவிடுங்கள். கல் கலையாமல் இருக்க ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள்.

ஆவியாகிக் குறைந்ததை நிரப்புவது தண்ணீர் மாற்றுவதாகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே நிற்கும். போர் தண்ணீரையே மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும். இந்த இடத்தில் மட்டும் கலக்காத ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

ஃபில்டர் பஞ்சு அடைத்துக்கொண்டு தண்ணீர் வேகம் குறைந்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். அதுவும் வடித்தெடுத்த பழைய தொட்டித் தண்ணீரில் இரண்டு பிழி, அவ்வளவுதான். பஞ்சு பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இரண்டு பஞ்சு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள். மெத்திலின் ப்ளூ என்ற மீன் மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றுவதும் பஞ்சைக் கழுவுவது போலத்தான், பாக்டீரியாவும் அடிபடும். நோயாளி மீனைத் தனி வாளியில் வைத்து மருந்து கொடுங்கள்.

இன்னொன்று, அழுக்கைத் தின்னும் என்று சொல்லி 'டேங்க் கிளீனர்' மீன் ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். பாசியைக் கொஞ்சம் சுரண்டும், உண்மைதான். ஆனால் தின்பதைவிடக் கழிப்பதுதான் கண்ணில் படும், ஓரடிக்கு மேலும் வளரும். வளர்ந்த பின் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஏரிகளில் அது பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் ஏரியில் விடாதீர்கள். நைட்ரேட்டைக் குறைக்க ஒரு மணி பிளாண்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் தொங்கும்படி ஓரத்தில் செருகி வையுங்கள். செலவில்லாத உதவியாள்.

மேலே வந்து வாயைத் திறந்தால்

காலையில் எழுந்து பார்க்கிறீர்கள், மீன்களெல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அம்மோனியா அல்லது நைட்ரைட் ஏறியிருக்கலாம். காரணம் தேடுவதற்கு முன் ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள், குளோரின் போக்கிய தண்ணீரால் பாதி மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள். அப்புறம் கிட்டை எடுங்கள். நைட்ரைட் தெரிந்தால் 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். கிட்டில் எல்லாம் பூஜ்யம் என்றால் சூட்டைப் பாருங்கள். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5தான். மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு டேபிள் ஃபேனை ஓட விட்டால் இரண்டு டிகிரி இறங்கும்.

கரண்ட் போனாலும் இதே நிலைமைதான். ஏர் பம்ப் இழுப்பது சில வாட்தான், இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் பேட்டரி ஏர் பம்ப் கிடைக்கிறது. வெளியே மாட்டும் மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், அதற்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள்.

தீனி

இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை அல்லது இரண்டு வேளை. மீன் எப்போதும் பசிப்பது போலத்தான் முகத்தை வைத்துக்கொண்டிருக்கும், நம்பாதீர்கள். வீட்டில் பாட்டி இருந்தால் கஷ்டம்தான். "பாவம், வாயைத் திறந்து கேக்குது பாரு" என்று ஒரு கை போட்டுவிடுவார்கள். என் தொட்டியில் அம்மோனியா காரணமில்லாமல் ஏறிய மூன்று வாரத்துக்கும் காரணம் என் அம்மாதான் என்று பின்னால் தெரிந்தது.

பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த மீன் ஒரு வாரம் தின்னாமல் சாதாரணமாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு, ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அதற்கு மேல் தங்குவதாக இருந்து, பக்கத்து வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று காகிதத்தில் மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுங்கள். தீனி டப்பாவை மட்டும் அவர்கள் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.